மெஹபூப் அலி பிளேட்லெட்டுப் படையொடு பொருத சருக்கம்

ஊசி முனையே, வணக்கம்! ஊசி முனையில் ஒரு கணம் தொற்றி நின்று நடுங்கும் செங்குருதித் துளியே, உனக்கும் வணக்கம்! எறும்பை யானையாக்கிக் காட்டும் கலையில் மனிதர் வாய்க்கு மட்டுமே தோற்ற பூதக்கண்ணாடியே, இந்தச் சருக்கம் தடையில்லாமல் நடக்க நீயே காப்பு! நான் பாடப்போகிறவர் சின்ன ஆள் அல்லர். மவுண்ட் ரோட்டின் மார்பிலே, தேனாம்பேட்டைத் திருப்பத்திலே, துரைமாரும் வக்கீல்மாரும் ஓட்டும் மோட்டார் கார்களுக்கெல்லாம் மெத்தையும் மேற்கூரைத் துணியும் தைத்துக் கொடுக்கும் பெருங்கடையின் அதிபதி. பஞ்சடைத்த பீடத்துப் பார்த்திபன். தோல்மணம் கமழும் தோன்றல். உட்காருவதற்கென்றே உருவெடுத்த ஆகிருதி. மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டுப் பின்சந்தின் மாடிவீட்டு மன்னர். ஜனாப் மெஹபூப் அலி சாகிபு வாழ்க, வாழ்க, இன்னொரு தரம் வாழ்க! அவருக்கு அப்போது ஜலதோஷம்கூட இல்லை.

அதுதான் அவருடைய நெடுநாள் துயரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் மயிலாப்பூரில் வியாதி என்பது பெரிய மனிதருக்குப் பட்டத்து யானை மாதிரி. வாசலில் ஒன்று கட்டியிருந்தால்தான் மரியாதை. மாடவீதி வக்கீல்கள் நீரிழிவு வைத்திருந்தார்கள். அடையாற்றுத் தோட்ட பங்களாக்காரர்கள் ரத்தக்கொதிப்பு வைத்திருந்தார்கள். தேனாம்பேட்டையில் ஓர் எண்ணெய் வியாபாரி, நேற்று முளைத்த மனிதர், சிறுநீரகத்தில் கல் ஒன்றைச் சம்பாதித்து, அது வெளியே வந்ததும் அத்தர்க் குப்பியில் போட்டு வருவோர் போவோருக்கெல்லாம் குலுக்கிக் காட்டினார். நம் நாயகரோ காலையில் ஆட்டுக்கால் சூப்பும் மத்தியானத்தில் பிரியாணியும் சாயங்காலத்தில் நெய்யில் மிதக்கும் சமோசாவுமாக எவ்வளவோ முயன்று பார்த்தும், அந்த வயிறு அத்தனையையும் மறுபேச்சில்லாமல் செரித்துத் தள்ளியது. மெத்தைக்கு அளவெடுக்கக் குனியும்போதெல்லாம் காரில் சாய்ந்திருப்பவர் தம் டாக்டர் சொன்னதைப் பெருமையோடு எடுத்துவிட, பதிலுக்குச் சொல்ல ஒரு தலைவலியும் இல்லாமல் நாயகர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நிற்பார். பாவம், அந்த வெட்கம் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அவருடைய வீட்டரசி அன்வரி பேகம். இந்தக் காவியத்தில் அவளுக்கு அடைமொழி கிடையாது. அடைமொழியை எடுத்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குள் போன போதெல்லாம் அவள் அடுப்படியில் இருந்தாள். வாங்கிக்கொள்ளக் கை ஒழியவில்லை. பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட்டே காலம் தள்ளியவள். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. மாவு பிசையும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பானையிலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. ‘வெறும் அரிசியைத் துண்ணாதே, தரித்திரம்’ என்பதோடு நாயகரின் வைத்தியம் முடிந்தது. பிறகு ஒரு விருந்தன்று, குருமாச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அடுப்படி வாசலிலேயே சாய்ந்துவிட, குருமா முழுவதும் தரையில் ஆறாக ஓட, முன்கூடத்தில் விருந்தாளிகள் வெறும் ரொட்டியை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, அப்போதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று நாயகருக்கு உறைத்தது. லேடி டாக்டரைக் கூப்பிட்டார்.

சாந்தோமிலிருந்து ரிக்ஷாவில் வந்து இறங்கினார் டாக்டர் மிஸ் லாசர். திரைக்கு உள்ளே போய் அன்வரி பேகத்தின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். முன்கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து ஒரு சின்னச் சீசாவில் அடைத்தார். ராயப்பேட்டையில் ஒரு பரிசோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும், சீசாவின்மேல் எழுதப் பெயர் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான், திரைக்கு வெளியே இடி இடித்தது.

‘கேளும், மருத்துவ மாதரசியே! ஏழு தலைமுறையாக எம் குலத்துப் பெண்டிர் பெயரை அந்நிய ஆடவர் செவி கேட்டதில்லை, சந்தில் திரியும் காற்று கேட்டதில்லை, தபால்காரனும் கேட்டதில்லை. அத்தகைய பெயர் இன்று ராயப்பேட்டைக் காம்பவுண்டர் ஒருவனின் பேனா முனையில் ஏறி அமர்வதோ? அமரின் எம் மீசை பொறுக்குமோ? சீசாவின்மேல் எம் பெயரையே பொறித்திடுக!’ என்று நாயகர் முழங்கினார் என்பது காவிய வழக்கு. அவர் வாயிலிருந்து வந்தது, “பொம்பள பேரெல்லாம் வெளிய எழுதறதில்லம்மா எங்க வூட்ல, என் பேரையே போட்டுக்கோங்க” என்பதுதான். இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றைப் பார்த்துப் பழகிய டாக்டரம்மா மறுபேச்சுப் பேசாமல் அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம்.

அத்தோடு முடிந்திருந்தால் எனக்கு வேலை இல்லை. சீசாவைக் கண்டதும் நாயகரின் தோள்கள் துடித்தன. வீட்டரசியின் குருதியே கண்ணாடிப் பல்லக்கில் ஏறி ராயப்பேட்டைக்குப் பவனி போகும்போது, வீட்டரசரின் குருதி வீட்டோடு கிடப்பதா? சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, தூண் போன்ற ஒரு புயத்தைத் திரைக்குள் நீட்டி, “எனக்கும் ஒண்ணு எடுத்துடுங்கோ” என்றார். டாக்டரம்மா எடுத்தார். இப்போது இரண்டு சீசாக்கள், இரண்டிலும் மெஹபூப் அலி என்ற ஒரே பெயர். குழப்பம் வரக்கூடாது என்று, தாம் யாரைப் பார்க்க வந்தாரோ அந்த அன்வரி பேகத்தின் சீசாவில் ஒன்று என்றும், நடுவில் கையை நீட்டியவரின் சீசாவில் இரண்டு என்றும் எழுதினார். எழுதியதை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

வாசகரே, நீங்களாவது முந்தானையிலோ வேட்டியிலோ முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று அவள், இரண்டு அவர். இனி வரும் ரத்தக் களரியில் இது மறந்துபோகும்.

மறுவாரம் பெங்களூரில் டாக்டரம்மாவின் அக்காள் மகளுக்குக் கல்யாணம். புறப்படும் அவசரத்தில் டாக்டரம்மா, ராயப்பேட்டையிலிருந்து வந்த இரண்டு சீட்டுகளையும் தம் கைக்குறிப்பையும் ஒரு டானிக் பாட்டிலையும் தேனாம்பேட்டைக் கடைக்கே அனுப்பிவிட்டு ரயிலேறினார். குறிப்பு நல்ல தமிழில், படித்தால் புரியும்படி இருந்தது. இரண்டாம் நம்பருக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றாம் நம்பரின் ரத்தம் இரும்புச் சத்துக் குறைந்து வெளிறியிருக்கிறது. அதனால் பிளேட்லெட் எண்ணிக்கை சற்றே ஏறி, கடுகளவு ரத்தத்துக்கு நாலே முக்கால் லட்சமாக இருக்கிறது. பிளேட்லெட் என்பது காயம் பட்ட இடத்துக்கு ஓடிப்போய் ஓட்டையை அடைத்து ரத்தத்தை நிறுத்தும் மிகச் சிறிய துணுக்கு. நாலு லட்சம் வரையில் எல்லார் உடம்பிலும் இருப்பதுதான். இந்தச் சிறிய ஏற்றம் ஒரு வியாதி அல்ல, வேறொரு குறையின் அடையாளம், பயப்பட வேண்டாம். ஒன்றாம் நம்பர் தவறாமல் டானிக் குடிக்க வேண்டும், ஈரல் சாப்பிட வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

நாயகர் அதை ஒரு புதுக் காரின் மெத்தையில் சாய்ந்தபடி படித்தார். அத்தனை வரியும் கண்ணில் விழுந்தது. மனத்தில் ஒட்டியவை ‘ஒன்றாம்’ என்ற சொல்லும் ‘லட்சம்’ என்ற சொல்லும்தான். ஒன்றாம் நம்பர் யார்? இந்தக் கேள்வி வேறு யாருக்காவது எழுந்திருக்கலாம். தலைப்பிள்ளையாகப் பிறந்து, பந்தியில் முதல் தட்டுக்கு உட்கார்ந்து, டிராமில் முதல் பெஞ்சில் சாய்ந்து, நாவிதனிடத்தில்கூட முதல் ஆளாகத் தலையைக் கொடுத்தே பழகிய மெஹபூப் அலிக்கு எழவில்லை. ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் இருந்தால் யார் ஒன்று, யார் இரண்டு என்று சொல்ல டாக்டர் எதற்கு? ‘வெளிறியிருக்கிறது’ என்ற சொல் மட்டும் கொஞ்சம் இடறியது. எதிரே காரின் பக்கக் கண்ணாடியில் பீட்ரூட்டுப் போலச் சிவந்த இரண்டு கன்னங்கள் தெரிந்தன. வெளிறல் உள்பக்கம் இருக்கிறது என்று தீர்மானித்தார்.

ஆகா, அந்தக் கணத்தின் பெருமையை என் எழுத்து தாங்குமோ! வராது வந்த மாமணி போல், தவமிருந்து பெற்ற தலைமகன் போல், வியாதி வந்துவிட்டது! அதுவும் மாடவீதியில் ஒருவருக்கும் இல்லாத வியாதி, வாயில் நுழையாத பெயருடைய வியாதி, லட்சக் கணக்கில் எண்ணப்படும் வியாதி! கடையை அந்த நிமிஷமே பூட்டச் சொல்லிவிட்டு, ‘பயப்பட வேண்டாம்’ என்ற வரியைத் தவிர்த்து மற்றதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, வழியில் தெரிந்தவர் தெரியாதவர் அனைவரையும் நிறுத்தி ‘எனக்கு பிளேட்லெட்’ என்று அறிவித்துக்கொண்டே நாயகர் வீடு வந்து சேர்ந்தார்.

“உனக்கு ஒண்ணுமில்ல பேகம். டாக்டரே எழுதிக் குட்த்துட்டாங்க, ரெண்டாம் நம்பருக்கு ஒரு கொறையும் கெடையாது. இனிமே சும்மா சும்மா படியில உக்காராதே” என்றார் அன்வரி பேகத்திடம்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அஜீ, மொதல்ல எனக்குத்தானே ஊசி போட்டாங்க? ஒண்ணுன்னா நானாத்தானே இருக்கணும்?” என்றாள்.

அந்தக் கேள்வியில் முழு உண்மையும் இருந்தது. காவியம் அங்கேயே முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நாயகர் சிரித்தார். இருமருங்கும் எதிரிகள் சூழ நின்ற வேந்தன் இளங்கன்றின் துள்ளலைக் கண்டு நகைப்பது போன்ற சிரிப்பு.

“அரே, இன்னா பேசறே நீ? நாலே முக்கா லட்சம்! உன் ஒடம்புல எங்க நிக்கும்? எடம் கீதா?”

அவள் தன் மெலிந்த மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடம் இல்லைதான் என்று அவளுக்கும் பட்டது. இந்த இடத்தில் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. காவியக்காரனுக்குக் கோபம் வரக்கூடாது என்று இலக்கணம் சொல்வதால் அடக்கிக்கொள்கிறேன். அவள் எழுந்து ஈரல் வாங்கி வர ஆள் அனுப்பினாள்.

இனிப் போர். எழுக முரசு! ஒலிக்க சங்கு! பொழுது புலர்ந்ததும் ஆட்டு ஈரல்கள் கசாப்புக் கடையிலிருந்து அணி அணியாகப் புறப்பட்டுக் கச்சேரி ரோடு தாண்டி வர, மிளகு இடிபட, இஞ்சி நசுங்க, வெங்காயம் கண்ணீர் சிந்த, அடுப்புப் புகை எழுந்து வானை மறைக்க, அந்தப் புகைக்கு நடுவே மூச்சிரைக்க மூச்சிரைக்க அன்வரி பேகம் கிண்டிக்கொண்டே நிற்க, தட்டு தட்டாக ஏந்திய வறுவலையும் கிண்ணம் கிண்ணமாக ஏந்திய சாற்றையும் நாயகர் ஒன்றுவிடாமல் உள்ளே அனுப்பி எதிரியின் கோட்டையைத் தகர்த்தார். பிறகு டானிக். துருப்பிடித்த ஆணியைச் சப்பினால் எப்படியோ அப்படி இருக்கும் அந்தக் கருஞ்சாற்றைப் பிறர் ஸ்பூனில் அளந்து குடிப்பார்கள். நாயகர் டம்ளரில் குடித்தார். அது குடித்தவர் எல்லாருக்கும் நேர்வது அவருக்கும் நேர்ந்து, காலைக்கடன் கன்னங்கரேல் என்று கழிந்தபோது, ‘வீழ்ந்தன பகைவர் பிணங்கள்! கறுத்தன அவர்தம் உடலங்கள்!’ என்று புறக்கடையிலிருந்தே வெற்றி முழக்கம் செய்தார். அடுத்த வீட்டார் ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஓய்வு என்ற மூன்றாம் ஆயுதத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. கடையிலேயே உயர்ந்த மெத்தையை, யாரோ ஒரு ஜமீன்தாரின் காருக்கென்று தைத்து வைத்திருந்ததை, வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து முன்கூடத்தில் விரித்துப் பள்ளிகொண்டார். அன்வரி பேகம் விசிறினாள். விசிறும் கை ஓயும்போது, “காத்து வர்ல” என்பார்.

ஆயினும் பெருவீரர்க்குரிய ஐயம் ஒன்று அவரைப் பிடித்தது. ஈரலும் டானிக்கும் ரத்தத்தைப் பெருக்குமே. ரத்தம் பெருகினால் அதில் நீந்தும் படையும் பெருகாதோ? வேலிக்குத் தண்ணீர் பாய்ச்சினால் முள்ளும் அல்லவா தழைக்கும்? ஆகவே ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் இறைப்பது என்ற அரிய போர்முறையை வகுத்து, ராயப்பேட்டை ஹகீம் கரீமுல்லாவை வரவழைத்து, அட்டை விட்டு ரத்தம் எடுக்கும்படி ஆணையிட்டார். ஹகீம் நாடி பார்த்தார். ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்தார்.

“சாகிபு, கிண்டியில ஓட்ற குதிரைக்குக்கூட நாடி இவ்ளோ நல்லா ஓடாது” என்றார்.

“பாத்தீங்களா? நிக்கவே இல்ல பாருங்க, ஓடிக்கினே கீது” என்றார் நாயகர் பெருமிதத்தோடு.

வந்தவருக்கு வேண்டியதைச் சொல்வது வைத்தியம். வந்தவர் வேண்டுவதைச் செய்வது வியாபாரம். ஹகீம் இரண்டும் கற்றவர். பெருமூச்சு விட்டுவிட்டு ஜாடியைத் திறந்தார். புறப்பட்டது அட்டைச் சேனை! கரிய மேனியர், எலும்பில்லா வீரர், முன்னும் வாய் பின்னும் பிடிப்புடையார், பிடித்ததை விடாப் பேராண்மையர், நாயகரின் தொடை என்னும் பரந்த செருக்களத்தில் வரிசை பிடித்து இறங்கி, குடித்துப் பருத்து, பருத்து உருண்டு, உருண்டு விழுந்தார்கள். விழுந்தவர்களைக் குச்சியால் தள்ளிச் சட்டியில் சேர்த்து, தரையைத் துடைத்துத் தந்தவள் அன்வரி பேகம். அவை கடித்த இடங்களில் கசிந்த ரத்தம் தானாகவே நின்றது. ஏன் நின்றது? யாரைக் கொன்றொழிக்க நாயகர் படையெடுத்தாரோ அந்தப் பிளேட்லெட்டுகளே ஓடோடி வந்து, தங்களைக் கொல்ல நினைத்தவரின் காயத்தை அடைத்துக்கொண்டு நின்றன. அவருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை.

புகழ் பரவியது. தொடையில் கட்டோடு மெஹபூப் அலி மவுண்ட் ரோட்டில் கால் வைத்தபோது கார்கள் தாமாக நின்றன. துரைமார் கண்ணாடியை இறக்கி விசாரித்தார்கள். நீரிழிவு வக்கீல்கள், தங்கள் வியாதி இத்தனை காலமாக எண்ணிக்கையே இல்லாமல் கிடந்ததை நினைத்து வாய்மூடிப் போனார்கள். எண்ணெய் வியாபாரி குப்பியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒற்றைக்கல் எங்கே, நாலே முக்கால் லட்சம் எங்கே! ‘அந்த பிளேட்லெட்டுங்க நேரே மூளைக்குத்தான் போவுமாம்’ என்று ஒருவர் நாயகரின் காதுபடச் சொல்ல, அவருக்கு அன்று முழுவதும் மனம் குளிர்ந்திருந்தது.

இப்படிக் களத்தில் நாயகர் பொருதுகொண்டிருக்க, கொல்லைப்புறத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன்கூடை சுமந்து வரும் குப்பம்மா, சாந்தோமில் டாக்டரம்மா வீட்டில் கொடுத்துவிட்டு அப்படியே கச்சேரி ரோட்டுப் பக்கம் வருகிறவள். அன்று கொல்லைக் கதவைத் தள்ளியவள், ரத்தம் குடித்த அட்டைகள் கிடந்த சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அன்வரி பேகம் படியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். கூப்பிட்டதற்கு நிமிரவில்லை.

“இன்னாம்மா இது, மூஞ்சி சுண்ணாம்பு கணக்கா கீது? துண்ணியா இல்லியா?”

“எனக்கு ஒண்ணுமில்ல குப்பம்மா. அவுருக்குத்தான் ஒடம்பு சரியில்ல. ரத்தத்துல இன்னாவோ ஏறிக்கினே போவுதாம்.”

“யாரு, நைனாவுக்கா? சர்தான் போம்மா. காலையில தெருவுல போவ சொல்ல பாத்தேனே, கன்னம் ரெண்டும் பழமாட்டம் கீது. எய்ந்திரு, உள்ள வந்து படு.”

அன்வரி பேகம் எழுந்தாள். எழுந்தவள் சுவரைப் பிடித்தாள். பிடித்த கை வழுக்கிக்கொண்டே கீழே வந்தது. சட்டி உடைந்தது. அட்டைகள் நாலா பக்கமும் நெளிந்தன. குப்பம்மா தண்ணீரை வாரி முகத்தில் அடித்தாள். கண் திறந்தது, உதடு அசைந்தது, மறுபடி கண் மூடியது. மீன்கூடையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு, முந்தின நாள்தான் பெங்களூரிலிருந்து திரும்பியிருந்த டாக்டரம்மாவைத் தேடிச் சாந்தோமுக்கு ஓடினாள். அன்று மீனில் பாதி பூனைக்குப் போயிற்று.

டாக்டரம்மா வந்தபோது நாயகர் முன்கூடத்து மெத்தையில் மலைபோல் சாய்ந்து, ஒரு கையில் ஈரல் கிண்ணமும் மறுகையில் சீட்டுமாகக் காட்சி தந்தார். நெடுநாள் காத்திருந்த தூதுவரை வரவேற்கும் பேரரசரின் குரலில், ‘வருக, மருத்துவ மாதரசியே! பகைவர் சூழ்ந்த இந்நாட்களில் யாம் பட்ட விழுப்புண்களை எண்ணுக! எம் தொடையைக் காண்க! எம் காலைக்கடனைக் கேட்க!’ என்று தொடங்கி, தொடையின் கட்டை அவிழ்க்கவும் முற்பட்டார். டாக்டரம்மா நிற்காமல் அவரைத் தாண்டித் திரைக்குள் போய்விட்டார். பேரரசர் கட்டை மறுபடி கட்டிக்கொண்டார்.

உள்ளே, கொல்லை வழியாக முந்தி ஓடிவந்து தூக்கிக் கிடத்தியிருந்த குப்பம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்தவளின் கண்ணிமையை டாக்டரம்மா இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் காகிதம் போல் வெளுத்திருந்தது.

“டானிக் குடிக்கிறீங்களா?”

“அது அவுருக்குங்களே.”

“ஈரல்?”

“தெனம் சமைக்கிறேனே.”

டாக்டரம்மா எழுந்தார். பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். “மிஸ்டர் மெஹபூப் அலி, அன்னிக்கு நான் யாரைப் பார்க்க வந்தேன்?” என்று கேட்டார்.

நாயகர் கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணாம் நம்பர் உங்க சம்சாரம். ரெண்டாம் நம்பர் நீங்க. உங்களுக்கு ஒண்ணுமே இல்லை. குதிரை மாதிரி இருக்கீங்க. அவங்களுக்கு ரத்தமே இல்லை. அதனாலதான் அந்த எண்ணிக்கை ஏறினது. பிளேட்லெட்டைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை, அந்த அம்மா முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கணும். அது சரி, அட்டை விடச் சொன்னது யார்? ரத்தம் போனா பிளேட்லெட் குறையாது, ஏறத்தான் ஏறும்.”

நாயகரின் முகத்தில் ஒரே ஒரு நம்பிக்கை மினுங்கியது.

“அப்போ எனக்கும் கொஞ்சம் ஏறியிருக்குமா டாக்டரம்மா?”

திரைக்குப் பின்னாலிருந்து, “ஆண்டவனே” என்றாள் குப்பம்மா.

என்னென்று சொல்வேன் அதன்பின் நிகழ்ந்த வீழ்ச்சியை! குடை சாய்ந்தது, கொடி சாய்ந்தது, மெத்தைமேல் மன்னர் சாய்ந்தார். ‘ஓ என் லட்சங்களே! நீங்கள் என் நாளங்களில் அணிவகுத்து நிற்பதாக எண்ணி மவுண்ட் ரோடு முழுவதும் மார்தட்டித் திரிந்தேனே! என்னை மட்டும் ஆரோக்கியத்தில் தள்ளிவிட்டு, அடுப்படியில் கிடந்தவளிடம் போய்க் குடியிருந்தீர்களே! நாளை அந்த எண்ணெய் வியாபாரி குப்பியைக் குலுக்குவானே, நான் எதைக் குலுக்குவேன்?’ என்று அவர் உள்ளம் ஓலமிட்டது. வியாதி போய்விட்டதே என்று அழுத மனிதரை உலகம் அன்றுதான் கண்டது. தம் வீட்டில் உண்மையாகவே ஒரு நோயாளி இருக்கிறாள் என்ற நினைப்பு அந்த ஓலத்தின் கடைசியில்தான் வந்தது. வந்ததும், இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், அவர் எழுந்தார். திரையை விலக்கினார். இத்தனை வருஷம் விசிறிக்குப் பின்னாலும் புகைக்குப் பின்னாலுமாகவே பார்த்திருந்த முகத்தை ஒரு முழு நிமிஷம் பார்த்தார். அது எவ்வளவு வெளுத்திருந்தது என்று கண்டதும் அவருக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்தில் நடிப்பில்லை.

உடனே, நாயகர் அல்லவா, பயத்தையும் முழக்கமாக மாற்றினார். ‘கேளுங்கள் திசைகளே! கேள், கச்சேரி ரோடே! இன்று முதல் இம்மாளிகையின் ஒன்றாம் நம்பர் எம் பேகமே ஆவாள்! எம் மெத்தை அவளுக்கு! எம் ஈரல் அவளுக்கு! கரிய நிறத்ததும் கசப்பின் சிகரத்ததும் வீரர்க்கே உரியதுமான எம் டானிக்கும் அவளுக்கே அவளுக்கு!’ என்று கூடம் அதிரக் கூவி, அலமாரியை அகலத் திறந்து, இரு கைகளாலும் பாட்டிலைத் தலைக்குமேல் ஏந்தி, முடிசூட்டு விழாவில் நடப்பதுபோல் அடிமேல் அடிவைத்து வந்து, அன்வரி பேகத்தின் தலைமாட்டில் மண்டியிட்டு, குப்பம்மா நீட்டிய ஸ்பூனின்மேல் அதைப் பயபக்தியோடு சாய்த்தார்.

பாட்டில் காலியாக இருந்தது.